அணில் முந்திய விளையாட்டு

பெரியவளுக்கு அலுவலகத்தில் மின்னல் என்று பெயர். மற்றவர்கள் ஒரு வாரம் கேட்கும் வேலையை மூன்று நாளில் முடித்துவிட்டு, மேசையைத் துடைத்து, அடுத்தது என்ன என்று கேட்டுக்கொண்டு நிற்பாள். படி ஏறும்போதுகூட இரண்டு இரண்டாகத்தான் தாண்டுவாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் 'இது சரிப்படாது' என்று எழுந்து போய்விட்டாள் என்பதைத் தங்கை இன்றும் சொல்லிச் சிரிப்பாள். சிரித்துக்கொண்டிருந்தாள் என்று சொல்ல வேண்டும்.

அம்மா போனபோது பெரியவளுக்கு இருபத்திரண்டு வயது, சின்னவளுக்குப் பதினான்கு. அப்பா லாரி ஓட்டுநர். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். சின்னவளுக்குத் தலை வாரியது, காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்டது, பள்ளியில் கையெழுத்துப் போட்டது, பின்னாளில் பஸ் டிப்போ மெக்கானிக் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தது எல்லாம் அக்காதான். தனக்கென்று வைத்துக்கொண்டது படம் வரைவதை மட்டும். அச்சகத்துக்குச் சுவரொட்டி வரைவதில் ஆரம்பித்து, கணினி கற்று, படங்களை அசைய வைக்கக் கற்று, கடைசியில் செருப்புக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் எட்டுப் பேர் இருக்கும் ஒரு சிறு அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தாள். பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் இணையதளத்தில் ஓடும் அனிமேஷன் செய்து கொடுப்பது அவர்கள் தொழில்.

ஒருநாள் குழந்தைகள் கிளினிக் ஒன்றிலிருந்து ஒரு வேலை வந்தது. மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று வீட்டிலேயே ஒரு முதல் பார்வை பார்த்துவிட ஒரு விளையாட்டு வேண்டும். சந்தேகம் தட்டினால் பிள்ளையைக் கூட்டிவரலாம். கிளினிக்கில் காது சோதிக்கும் அம்மாள் பத்து ஓசைகளைக் கொடுத்திருந்தார், தடித்த முரசு ஒலியிலிருந்து மெல்லிய விசில் வரை.

பெரியவள் ஒரு மரம் வரைந்தாள். மரத்தில் ஒரு பொந்து. ஓசை கேட்கும், கேட்டதும் பிள்ளை பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் மூன்று விநாடி கழித்து பொந்திலிருந்து ஓர் அணில் தலையை நீட்டிக் கையாட்டும். ஓசை எழுந்த நொடியிலிருந்து இரண்டு விநாடிக்குள் பட்டன் விழுந்தால் ஒரு மதிப்பெண். அந்த அணிலுக்கு மட்டும் நாற்பது படங்கள் வரைந்தாள். வால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம், கண்ணில் ஒரு குறும்பு. பார்த்தவர்கள் எல்லாரும் சொக்கிப்போனார்கள்.

அலுவலகத்தில் சோதனை பார்ப்பவருக்குக் கண்ணாடி தடிமனாக இருக்கும், அதனால் சோடாபுட்டி. அவர் விளையாட்டை ஆடிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"மேடம், நம்ம மெஷின்ல இது தண்ணியாட்டம் ஓடுது. ஏன்னா படமும் சத்தமும் நூறு தடவை இறங்கி இதுக்குள்ளயே கிடக்கு. வெளில ஒருத்தர் புதுசா தொறந்தா அப்படி இருக்காது. படம் முந்தும், சத்தம் பிந்தும்."

"அதுக்கு?"

"எல்லாத்தையும் முதல்ல இறக்கிட்டு, ஒண்ணு விடாம வந்தாச்சான்னு பாத்துட்டு, அப்புறம் ஆரம்பிச்சா நல்லது."

"அதுவரைக்கும் பிள்ளை வெறும் திரையைப் பாத்துட்டு உக்காந்திருக்குமா? மூணு வயசுங்க. எந்திரிச்சு ஓடிடும். முதல்ல ஆரம்பிச்சுடட்டும், மிச்சம் பின்னாடியே வந்து சேர்ந்துடும்."

"சத்தம் லேட்டா வந்தா..."

"அரை நொடி. யாருக்குத் தெரியப்போகுது?"

வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டிய வேலையைப் புதன்கிழமையே ஒப்படைத்தாள்.

சின்னவளின் மகளுக்கு அப்போது மூன்று முடிந்திருந்தது. வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள். அலமாரி மேல் ஏறிவிடும், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு ஓடிவிடும். பேச்சுதான் வரவில்லை. 'மா', 'பா', 'போ' என்று நாலைந்து சொல். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாது.

"அக்கா, எனக்கு என்னமோ பயமா இருக்கு," என்றாள் சின்னவள் ஒருநாள் போனில். "இவளுக்குக் காது சரியா கேக்கலையோ என்னவோ. ஆஸ்பத்திரில திங்கக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கேன்."

"அட, நான்தான் அதுக்குன்னே ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கேனே! ஞாயித்துக்கிழமை வரேன், இரு."

ஞாயிறு காலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அலுவலகத்தில் புதிதாகக் கொடுத்த லேப்டாப். விளையாட்டு அதில் ஒரு தடவைகூட ஓடியதில்லை. சமையலறை மேசையில் வைத்து, வாலுவை மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். ஸ்பீக்கர் ஒலியைக் கூட்டினாள். சின்னவள் கைகளைப் பிசைந்துகொண்டு அடுப்புப் பக்கம் நின்றாள்.

மரம் வந்தது. பொந்து வந்தது. முரசு ஒலிக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் ஒலிக்கவில்லை. அணில் தலையை நீட்டியது. வாலு கெக்கலி கொட்டிச் சிரித்துப் பட்டனில் அடித்தது. அந்த நேரத்துக்குத்தான் முரசும் வந்து சேர்ந்தது. ஒரு மதிப்பெண். அடுத்ததும் அப்படியே. மூன்றாவதில் பெரியவளின் புருவம் ஒரு கணம் சுருங்கியது.

"உங்க வீட்டு நெட் லைன் ஆமை மாதிரி இருக்குடி," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பத்து ஓசை முடிந்ததும் திரையில் பத்து நட்சத்திரங்கள் கொட்டின. வாலு இன்னொரு முறை வேண்டும் என்று மேசையைத் தட்டியது.

"பாத்தியா? பத்துக்குப் பத்து! காதாவது, கேக்காம இருக்கறதாவது. எல்லாம் பிடிவாதம். உன்னை உரிச்சு வெச்சிருக்கு."

சின்னவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

இரண்டு வருடங்கள் ஓடின. காது நன்றாகக் கேட்கும் பிள்ளை பேசாமல் இருந்தால் அதற்கு என்ன பெயர் வைப்பது? திமிர் என்றார்கள், சோம்பல் என்றார்கள், செல்லம் கொடுத்துக் கெடுத்தது என்றார்கள். வாலு தன் பாட்டுக்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. பேசுகிறவர்களின் கன்னத்தை இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, வாயையே உற்றுப் பார்க்கும். அதையும் கொஞ்சல் என்றுதான் எல்லாரும் எண்ணினார்கள். பெரியவளுக்கு அது கொள்ளை ஆசை. அந்த உள்ளங்கைச் சூட்டுக்காகவே இரண்டு தெரு தாண்டித் தினமும் சாயங்காலம் வந்துவிட்டுப் போவாள்.

பள்ளியில் சேர்த்த மூன்றாம் வாரம் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார்.

"நான் அவளைப் பாத்துப் பேசினா எல்லாம் செய்யறா. போர்டு பக்கம் திரும்பிப் பேசினா எதுவும் செய்யறதில்லை. நாலு நாள் வேணும்னே செஞ்சு பாத்தேன். தயவுசெஞ்சு காதைக் காட்டுங்க."

ஆஸ்பத்திரிக்கு அக்காவும் தங்கையும் சேர்ந்தே போனார்கள். சுவரெல்லாம் பஞ்சு வைத்த ஒரு சின்ன அறை. வாலுவின் தலைக்குப் பெரிதாக ஒரு ஹெட்போன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் டாக்டர் ஒவ்வொரு திருகாகத் திருப்பினார். தடித்த ஓசைகளுக்கு, அதுவும் நிறையக் கூட்டிய பிறகு, பிள்ளை கை தூக்கியது. அதற்கு மேல் எதற்கும் தூக்கவில்லை. எல்லாரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்பதால் நடுநடுவே சிரித்தது.

"பிறந்ததுலேர்ந்தே இப்படித்தான் இருந்திருக்கும்," என்றார் டாக்டர். "காதுக்கு மெஷின் வெச்சா உதவும். ஆனா பேச்சு ஊறவேண்டிய வயசு கொஞ்சம் கை நழுவிடுச்சு. மூணு வயசுலயே கொண்டு வந்திருந்தீங்கன்னா..."

"மூணு வயசுல டெஸ்ட் பண்ணினோம் டாக்டர். பத்துக்குப் பத்து வாங்கினா."

"எங்க பண்ணினீங்க?"

சின்னவள் பக்கத்து நாற்காலியில் இருந்த அக்காவைப் பார்த்தாள்.

பெரியவள் அவர்களை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த ஒரு பிரவுசிங் கடைக்குள் போனாள். வாழ்க்கையில் அவள் தொட்டிராத ஒரு கணினி முன்னால் உட்கார்ந்து, தன் விளையாட்டைத் திறந்தாள். மரம். பொந்து. அணில் வந்து கையாட்டியது. அப்புறம் முரசு. அணில் வந்தது, அப்புறம் மணி. அணில், அப்புறம் விசில்.

அந்தக் கணினியில் இப்போது எல்லாம் இறங்கிவிட்டிருக்கும். யாரோ ஒருவர் எழுந்த இன்னொரு கணினிக்கு மாறி உட்கார்ந்து, ஸ்பீக்கரின் ஒலியை முழுக்க அணைத்துவிட்டு, அணிலை மட்டும் பார்த்துப் பார்த்துப் பட்டனை அழுத்தினாள். பத்துக்கு ஒன்பது.

எழுந்து வெளியே வந்து நடைபாதையில் நின்றாள். கடைக்காரர் வந்து, "அம்மா, பையை விட்டுட்டீங்க," என்று கையில் கொடுத்தார்.

மழுப்பியிருக்கலாம். இணைப்புக் கோளாறு என்று சொல்லியிருந்தால் சின்னவள் நம்பியிருப்பாள்; அக்கா சொல்லி அவள் எதைத்தான் நம்பவில்லை? பெரியவள் நேராகத் தங்கை வீட்டுக்குப் போய், சமையலறை மேசை முன் நின்று, நடந்ததை அப்படியே சொன்னாள்.

"சத்தம் வர்றதுக்கு முன்னாடியே அணில் வந்துடுச்சு. அவ அணிலைப் பாத்து அழுத்தியிருக்கா. எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் ஆரம்பிக்கணும்னு நான் புரோகிராம்ல எழுதல. எழுதச் சொன்னாங்க. நான்தான் வேண்டாம்னேன்."

"அன்னிக்கு உனக்குத் தெரியுமா?"

"முந்தி வந்ததைப் பாத்தேன். லைன் மந்தம்னு நெனச்சேன். அதுக்கு மேல யோசிக்கல."

"பாத்த." சின்னவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "பாத்துட்டுத்தான் பத்துக்குப் பத்துன்னு சொன்னியா?"

"ஆமா," என்றாள் பெரியவள்.

"நான் அவளை அடிச்சேன்க்கா." என்றாள் சின்னவள். "எத்தனை தடவை கூப்பிடறது, காதுல விழுதா இல்லையான்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன். முதுகுல. அது ஏன்னு தெரியாம என் மூஞ்சியையே பாத்துட்டு நிக்கும். நல்லா கேக்குதேன்னு நெனச்சுத்தானே அடிச்சேன்? நீ சொன்னதாலதானே?"

வாலு அறைக்குள்ளிருந்து ஓடி வந்து பெரியம்மாவின் கையைப் பிடித்து இழுத்தது. சின்னவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நீ போ," என்றாள்.

மறுநாள் அலுவலகத்தில் நிர்வாகி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "சரி, தப்பு நடந்துபோச்சு. சத்தமில்லாம திருத்தி ஏத்திடுங்க."

திருத்த ஒன்றரை நாள் ஆனது. நாற்பது அணில், மரம், பொந்து, பத்து ஓசை, எல்லாவற்றின் பெயரையும் ஒரு பட்டியலாக எழுதினாள். ஒவ்வொன்றும் வந்து சேர்ந்ததும் நிரல் தன் கணக்கில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். கடைசி ஒன்று சேரும்வரை ஆரம்பிக்கும் பட்டனே கண்ணில் படாது. ஓசைகளில் ஒன்று வராமல் போனாலும் விளையாட்டு தொடங்காது. 'இப்போது சோதிக்க முடியவில்லை, பிறகு முயலுங்கள்' என்று சொல்லி நின்றுவிடும். காத்திருக்கும் நேரத்துக்கு உறங்கும் அணில் ஒன்று வரைந்தாள். அதற்கு வால் கோணலாக வந்தது. அதை அப்படியே விட்டாள். புதுக் கணினியில் எல்லாம் வந்து சேர ஒன்பது விநாடி ஆனது. சோடாபுட்டி நான்கு வெவ்வேறு இடங்களுக்குப் போய்ச் சோதித்துவிட்டு வந்து, "சரியா இருக்கு மேடம்," என்றார். நான் அன்றே சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"இது போதாது," என்று நிர்வாகியிடம் போனாள். "இதுவரைக்கும் ஆடின பிள்ளைங்க இருக்கே. நட்சத்திரத்தைப் பாத்துட்டு நிம்மதியா இருக்கற வீடுங்க இருக்கே. சொல்லணும்."

"நம்ம தலையில நாமே மண்ணை வாரிப் போட்டுக்கணும்ங்கறீங்களா?"

"என் தலையில போட்டுக்கறேன். என் பேரைப் போட்டுக் கடிதம் எழுதுங்க."

அவர் சம்மதிக்க ஆறு நாள் ஆனது. கிளினிக்கின் காது சோதிக்கும் அம்மாள் செய்தி கேட்டு முதலில் வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டி முடித்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க, போன் பண்ணலாம்," என்றார். ஆயிரத்து எண்ணூறு பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல். அலுவலகத்தில் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, பெரியவள் ஒரு மாதம் காலையிலிருந்து சாயங்காலம்வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்காகப் பேசினாள். சிலர் கத்தினார்கள். சிலர், எங்கள் பிள்ளை நன்றாகத்தான் பாடுகிறது என்று சிரித்துவிட்டு வைத்தார்கள். முந்நூறு எண்கள் மாறிப்போயிருந்தன. மறுசோதனைக்கு வந்த பிள்ளைகளில் ஏழு பேருக்குக் குறை இருந்தது. அதில் ஒரு பிள்ளையின் தகப்பனார், வேலை உடுப்போடு வந்திருந்தவர், அவள் யார் என்று தெரிந்தும் கைகூப்பி, "போன் பண்ணினீங்களே, நன்றிம்மா," என்றார். திட்டியவர்கள் முன்னால் நேராக நின்றவள், அன்று கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாயில் துணியை வைத்து அழுதாள்.

அதன்பிறகு அசையும் படங்களை அவளிடம் யாரும் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. பாடப் புத்தகங்களுக்கு நிற்கும் படங்கள் வரைந்து கொடுத்தாள். மின்னல் என்று கூப்பிடுவதையும் ஆட்கள் மெல்ல நிறுத்திக்கொண்டார்கள்.

சின்னவள் ஏழு மாதம் கடந்தும் பேசவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மறு பக்கம் போய்விடுவாள். மாப்பிள்ளைதான் மனம் பொறுக்காமல், டிப்போ வாசலில் டீக்கடைப் பக்கம் நின்று சேதி சொல்லுவார்.

"ரெண்டு காதுக்கும் மெஷின் மாட்டியாச்சு அண்ணி. முதல் நாள் கழட்டி வீசிட்டு, அலமாரிக்குள்ள போய் ஒளிஞ்சுகிட்டா. மிக்ஸி ஓடினா பயந்து அலறுறா."

"பேசறாளா?"

"ரெண்டு வார்த்தை சேத்துச் சொல்றா. மத்தவங்களுக்குப் புரியறதில்லை. எங்களுக்குப் புரியுது."

அவர் போனபிறகும் அவள் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நிற்பாள்.

எட்டாம் மாதம் சின்னவள் மாடிப்படியில் சறுக்கி விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டு, ஆறு வாரம் படுக்கை. செய்தி கேட்ட அன்றே பெரியவள் ஒரு பையில் நாலு துணியை எடுத்துக்கொண்டு போனாள். யாரும் வா என்று சொல்லவில்லை. சின்னவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பெரியவள் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தாள்.

வாலு வந்து எதிரே நின்றது. காதுகளுக்குப் பின்னால் நீல நிறத்தில் இரண்டு மெஷின். ஈரக்கையோடு குனிந்தவளின் கன்னங்களைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, "பெய்ம்மா, எங்க போன?" என்றது.

தினமும் காலையில் பயிற்சி. மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்தபடி, பெரியவள் ஓர் அட்டையால் தன் வாயை மறைத்துக்கொண்டு ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். பிள்ளை வாயைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். "பசு" என்றால் "பஉ" என்று வரும். மெல்லிய ஓசைகள் மெஷின் வழியாகவும் அரைகுறையாகத்தான் போய்ச் சேர்ந்தன. மறுபடி சொல்லுவாள். மறுபடியும் "பஉ." பத்துத் தடவை, இருபது தடவை. முன்பெல்லாம் ஒரு கதவு திறக்கத் தாமதமானால் பல்லைக் கடிக்கிறவள், சம்மணமிட்டு உட்கார்ந்து, பிள்ளை கண்ணை மூடி, நெற்றியைச் சுருக்கி, வாயைத் திறக்கும்வரை அசையாமல் இருந்தாள். படுக்கையிலிருந்து சின்னவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாவுக்கட்டுப் பிரிப்பதற்கு முந்தின நாள் மத்தியானம். வாலு தரையில் துணி விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. மெஷின் இரண்டும் மேசைமேல் ஒரு டப்பாவில் கிடந்தன. பெரியவள் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பற?" என்றாள் சின்னவள். ஒன்பது மாதத்தில் முதல் கேள்வி.

"நாளைக்கு நீ நடக்க ஆரம்பிச்சுடுவ. நான் இருந்தா உனக்குக் கஷ்டம்."

சின்னவள் கூரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"மன்னிச்சுட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரலக்கா. தினமும் மனசுக்குள்ள சொல்லிப் பாக்கறேன். வரமாட்டேங்குது. அவ ஒவ்வொரு வார்த்தைக்கும் படற பாட்டைப் பாக்கும்போது அடியோட போயிடுது."

"சொல்லாத. நான் அதைக் கேட்டு வரல."

"தெரியும்." என்றாள் சின்னவள். "ஆனா நீ இல்லாத வீடும் வீடா இல்லை. ரெண்டையும் வெச்சுகிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

பெரியவள் கையில் இருந்த துணியை மடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. தங்கையின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அழுகை இரண்டு பேருக்கும் வந்தது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ளவில்லை.

இன்று வாலுவுக்குப் பன்னிரண்டு வயது. படிக்கிறது, சண்டை போடுகிறது, கூட்டத்தில் யாராவது வேகமாகப் பேசினால் புரியாமல் திணறுகிறது. புதியவர்கள் முன்னால் வாயைத் திறக்கக் கூச்சப்படுகிறது. இரண்டு வருடம் முன்னால் சின்னவளே பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அன்று முழுக்க வாலு பெரியம்மாவோடு பேசவில்லை. மறுநாள் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து எதிரே போட்டு, புரியவில்லை என்று கையைக் காட்டியது.

அக்காவும் தங்கையும் பேசிக்கொள்கிறார்கள். மார்க்கெட்டுக்குச் சேர்ந்து போகிறார்கள், காய்கறி பொறுக்குவதில் சண்டை பிடிக்கிறார்கள். அந்த வார்த்தையைச் சின்னவள் இதுவரை சொல்லவில்லை. பெரியவளும் அதை எதிர்பார்த்து நிற்பதில்லை. சாயங்காலம் வேலை முடிந்ததும் படிகளை ஒவ்வொன்றாக இறங்கி, அந்த இரண்டு தெருவைக் கடந்து, தங்கை வீட்டுக் கதவைத் தட்டுகிறாள்.